ஆணிகள் மூன்று வரிசை

கொளப்பள்ளிக்கு மேலே, ஏழாம் டிவிஷன்.
ஜீப் ஏறாத கடைசி அரை மைலை
அட்டைக்குப் பயந்து காலில் உப்பு தேய்த்து நடந்தேன்.
மரபுக் கட்டடக் கணக்கெடுப்புப் படிவம்
பாலிதீன் உறைக்குள், சட்டைக்குள்.

நேற்று எதிர்மலையில் துரை பங்களா.
கணப்படுப்பு ஐந்து. தேக்குப் படிக்கட்டு.
நாய்களுக்குத் தனியே ஒரு கல்லறை வரிசை,
ஒவ்வொன்றுக்கும் பெயர், பிறந்த தேதி.
அரை மணியில் படிவம் நிறைந்துவிட்டது.
அந்த வீட்டுக்காகவே அச்சடித்ததுபோல.

இங்கே முதல் கேள்வியிலேயே பேனா நிற்கிறது.
கட்டிய ஆண்டு: எழுபத்தாறு.
நூறு வயதாகாத எதையும்
இந்தப் படிவம் கட்டடமாகவே மதிப்பதில்லை.
கட்டியவர் பெயர்?
சாவி கொண்டுவந்த யோகமலர் யோசிக்கிறார்.
"கப்பல்ல வந்தவங்க எல்லாரும்தான்.
பேரு வேணும்னா
ரேஷன் கார்ட வரிசையா பாக்கணும்."

ஒன்பது அங்குலச் சுவர், மண்சாந்து.
தகரக் கூரை.
மழை இறங்கினால் யார் பேசினாலும் கேட்காதாம்;
பாடம் கரும்பலகையில் மட்டும் நடக்கும்.
வருஷத்தில் ஆறு மாதம் பெய்கிற ஊர்.
"அதனாலதான் எங்க எல்லாருக்கும்
கையெழுத்து நல்லாருக்கும்" என்கிறார்.

கூரைக்கு அடியில் தேயிலைப் பெட்டிப் பலகைகள்.
ஒன்றில் தலைகீழாக, பெக்கோ.
அதை முதலில் வாசித்த பையனுக்கு அதுவே பெயராயிற்று.
இப்போது திருப்பூரில், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்.
"ஆதார்ல மட்டும் வேற பேரு."

தெற்குச் சுவரில் மூன்று சிமெண்ட் ஒட்டு.
சத்துணவு அரிசிக்கு யானை திறந்த வாசல்கள்:
தொண்ணூற்றெட்டு, இரண்டாயிரத்து நான்கு, பதினொன்று.
'பிற்கால மாற்றங்கள்' என்ற கட்டத்தில் எழுதினேன்.
சிரிக்கவில்லை.

சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கம்.
பிறந்த ஊர்: அட்டன், நானுஓயா, பண்டாரவளை,
அட்டன், அட்டன்.
முன்பு படித்த பள்ளி:
மேலிருந்து கீழே நெடுக ஒரே கோடு.
கடைசிப் பக்கத்தில் நான்கு பேர்,
அதில் இருவர் அண்ணன் தங்கை.
அதற்கடுத்த தாள்கள் வெள்ளை.

அலங்கார வேலைப்பாடு உண்டா?
பின்சுவரில் ஆணிகள், மூன்று வரிசை.
ஒவ்வோர் ஆணியிலிருந்தும் ஒரு துருக்கோடு
சுண்ணாம்பின்மேல் ஒழுகியிருக்கிறது.
கீழ்வரிசை ஒண்ணாப்புக்கு. நடுவரிசை அஞ்சாப்புக்கு.
மேல்வரிசை ஐந்தடி உயரம், முப்பத்தெட்டு ஆணி.
இருந்ததே ஒரு வாத்தியார்.

"அது அம்மாமாருங்க படங்கு மாட்ட.
கொழுந்து நிறுத்துட்டு, ஆக்கி வச்சிட்டு
ஏழு மணிக்கு வருவாங்க. பேரெழுதப் படிக்க."

டிவிஷன் ஆபீஸில் பழைய சம்பள ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினேன்.
எழுபத்தொன்பது மார்ச் வரைக்கும்
பக்கம் பக்கமாக ஊதா ரேகை.
ஏப்ரலில் ஓரிடத்தில் மட்டும் ராக்காயி,
கட்டத்தைத் தாண்டி,
பக்கத்து ஆளின் சம்பளத்தின்மேல் ஏறி.
ஜூலையில் ரேகைகள் இரண்டே இரண்டு.

"உங்கம்மா கையெழுத்து எது?"
"அந்த ரெண்டுல ஒண்ணு எங்கம்மா.
வரவே மாட்டேன்னுட்டாங்க.
தகரத்துல மழை கேட்டா
தூக்கம்தான் வருதுன்னாங்க."

மரபு மதிப்பு:
உயர்வு, நடுத்தரம், இல்லை. ஒன்றில் டிக் போடவும்.
டிவிஷன் காட்டுக்குத் திரும்பப் போகிறதாம்.
கூரையையும் கதவையும் ஏலம் விடுவார்கள்.
ஆணிகளுக்கு ஏலத்தில் தனி விலை கிடையாது.

மூன்று கட்டத்துக்கும் மேலே பேனாவைப் பிடித்திருந்தபோது
மழை இறங்கிவிட்டது.
யோகமலர் ஏதோ சொல்கிறார்; வாய் அசைவது மட்டும் தெரிகிறது.
காதைக் காட்டி உதட்டைப் பிதுக்கினேன்.
கையிலிருந்த படிவத்தை வாங்கித் திருப்பி
பின்பக்கத்தில் எழுதித் தந்தார்:

"விட நேரமாகும். வீட்டில் படங்கு இருக்கிறது.
எடுத்து வரட்டுமா?"

கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.
வேறு படிவத்தில் பகர்த்தி எழுதாமல்
அதையே ஊட்டியில் கொடுத்துவிட்டேன்.